துளை சொல்லும் செய்தி

பாத்திரக் கடையில் குடமோ செம்போ வாங்கியவர் அதனை உடனே வீட்டிற்கு எடுத்துச் செல்வதில்லை. தம் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லி, அதனைப் பாத்திரத்தின்மீது பொறித்துத் தருமாறு கேட்பார். முற்காலத்தில் சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டினர். இக்காலத்தில் மின்கருவி அவ்வேலையைச் செய்கின்றது. திருமண வீட்டிற்கு இரவலாகச் சென்ற பாத்திரங்கள் பந்தலில் ஒன்றோடொன்று கலந்துவிடினும், உரியவரின் வீட்டிற்கே திரும்பி வருவதற்கு அப்புள்ளிகளே துணை செய்கின்றன.

பொருளின்மீது உரிமைக் குறி இடும் வழக்கம் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. மூட்டைக்கும் பாத்திரத்திற்கும் பொருந்திய இம்முறையை, விரல் நுனியளவே உள்ள அஞ்சல்தலைக்கும் சிலர் பொருத்தினர் என்றால் அது வியப்பன்றோ? அவ்வாறு நிறுவனங்களின் பெயரெழுத்துகள் சிறு துளைகளாகக் குத்தப்பட்ட அஞ்சல்தலைகளைப் பற்றியே இப்பாடத்தில் அறியப் போகின்றோம்.

உலகின் முதல் அஞ்சல்தலை இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் வழக்கிற்கு வந்தது. அதற்கு வழிவகுத்தவர் ரோலண்டு ஹில் என்பவர். தொடக்கத்தில் அஞ்சல்தலைத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டியே ஒவ்வொரு தலையாகப் பிரித்தனர். பின்னர், எளிதிற் கிழித்தெடுக்கும் பொருட்டுத் தலைகளுக்கு இடையே வரிசையாகத் துளையிடும் முறை தோன்றிற்று. இங்கிலாந்தில் அம்முறை 1854ஆம் ஆண்டில் நிலைபெற்றது. இவை விளிம்புத் துளைகள். எல்லா அஞ்சல்தலைகளுக்கும் பொதுவானவை. நாம் ஆராயப் புகுந்த துளைகளோ தலையின் நடுவே, அரசரின் முகத்தையும் ஊடுருவி நிற்பவை. விளிம்புத் துளைகளை அரசாங்கம் இட்டது. இவ்வெழுத்துத் துளைகளைத் தலையை வாங்கிய வணிகர் இட்டனர்.

வணிகர் ஏன் இட்டனர்? அஞ்சல்தலை காகிதமே எனினும் ஏறக்குறையப் பணத்திற்கு ஒப்பானது. பெரிய வாணிக நிலையம் ஒன்றினின்று நாள்தோறும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் செல்லும். அதற்கு வேண்டிய தலைகளை மொத்தமாக வாங்கி மேசை அறையில் வைத்திருப்பர். அவற்றுள் நான்கைந்து குறைந்தால் யாருக்குத் தெரியும்? இங்கிலாந்து அஞ்சல் நிலையங்கள், பயன்படுத்தாத தலைகளைச் சிறு கழிவுடன் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் கொடுத்தும் வந்தன. எனவே நேர்மை குன்றிய பணியாளர்க்கு அலுவலகத்துத் தலைகளைத் திருடி விற்பது எளிதாயிற்று. சிறு துளி பெருவெள்ளம் என்பது இழப்பிற்கும் பொருந்தும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்த முதலாளிகள் கவலையுற்றனர்.

இதனைத் தடுக்கப் பல வழிகளை நாடினர். ஆக்ஸ்போர்டு நகரத்து மாணவர் சங்கம் ஒன்று, தன் பெயரின் முதலெழுத்துகளை 1859ஆம் ஆண்டு முதல் தலைகளின் முகப்பிலேயே அச்சிட்டுக்கொண்டது. வேறு சில நிலையங்கள் தலைகளின் பின்புறத்தில் தம் பெயரை அச்சிடுவித்தன. ஆயினும் பின்புறத்து எழுத்து, தலையை உறையில் ஒட்டியவுடன் மறைந்துவிடும் அன்றோ? மறைந்த குறியால் பயன் என்ன?

இலண்டனில் ஜோசப் ஸ்லோப்பர் என்னும் அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் காகிதத்தில் துளையிடும் பொறி ஒன்றை அமைத்து, 1858ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மையால் எழுதியதை அழிக்கலாம்; துளையை அழித்தல் அரிது என்பதே அவர் கண்ட உண்மை. அப்பொறியால் அஞ்சல்தலையிலும் நிறுவனத்தின் பெயரெழுத்துகளைக் குத்தலாம் என்று அவர் அஞ்சல் துறைக்கு எடுத்துரைத்தார். 1868ஆம் ஆண்டில் அத்துறை இசைவளித்தது. இலண்டனில் சரிகைப் பின்னல் வாணிகம் செய்துவந்த கோப்ஸ்டேக், மூர், கிராம்ப்டன் கம்பெனியார் இம்முறையை முதன்முதல் மேற்கொண்டனர்.

அப்பொறியின் அமைப்பு எளிது. மேற்பகுதியில் சிறு எஃகு ஊசிகள் எழுத்து வடிவில் நிறுத்தப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதித் தகட்டில், அவ்வூசிகள் சரியாக நுழையுமாறு துளைகள் இருக்கும். இரண்டிற்கும் இடையே தலைத்தாளைச் செலுத்திக் கைப்பிடியை அழுத்தினால், ஊசிகள் தாளை ஊடுருவும். கடுகினும் சிறிய காகிதப் பொட்டுகள் கீழே உதிரும். துளையிட்ட பின்னரும் தலை கட்டணத்திற்குச் செல்லும். ஆனால் அதனை அஞ்சல் நிலையத்தார் திரும்ப வாங்கார். பிறர் விலைக்குக் கொள்ள அஞ்சுவர். வேறொருவர் தம் கடிதத்தில் ஒட்டினால் களவு வெளிப்படும். பாத்திரத்துப் புள்ளிகள் செய்த தொண்டினையே இத்துளைகளும் செய்தன.

இம்முறை விரைவிற் பரவிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவும் இதனை மேற்கொண்டன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1908ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது. வணிகரே அன்றி அரசாங்கங்களும் இதனைக் கையாண்டன. இங்கிலாந்து வாணிகத் துறை, முடி ஒன்றும் அதன்கீழ் இரண்டு எழுத்துகளும் அமைந்த துளைக்குறியைக் கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய அரசாங்கம் 1913ஆம் ஆண்டு முதல் தன் அலுவல் கடிதங்களுக்கு உரிய தலைகளில் ‘ஓ, எஸ்’ என்னும் எழுத்துகளைத் துளைத்தது. ஆங்கிலத்தில் இத்தகைய தலைகளைப் ‘பெர்ஃபின்’ என்று சுருக்கமாக வழங்குவர். நாம் துளையெழுத்துத் தலைகள் என்போம்.

இந்திய நாட்டில் 1852ஆம் ஆண்டில் சிந்துப் பகுதியிலும், 1854ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமாகவும் அஞ்சல்தலைகள் தோன்றின. அலுவலகத் தலைகளைப் பணியாளர் தம் சொந்தக் கடிதங்களுக்குப் பயன்படுத்தாவண்ணம், அரசாங்கம் 1866ஆம் ஆண்டு முதல் ‘சர்வீஸ்’ என்னும் சொல்லை அவற்றின்மீது அச்சிட்டது. தனியார் நிலையங்களோ துளையெழுத்தை மேற்கொண்டன. ஏற்றுமதி நிலையங்கள், வங்கிகள் முதலியன தத்தம் எழுத்துகளைக் குத்திக்கொண்டன. கிரேக்கக் குடும்பத்தினர் தோற்றுவித்து, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியாவில் பருத்தி முதலிய பொருள்களைக் கொள்முதல் செய்துவந்த ராலி சகோதரர்கள் நிலையத்தின் ‘ஆர், பி’ என்னும் துளையெழுத்துகளை இந்திய அஞ்சல்தலை சேர்ப்போர் நன்கு அறிவர்.

இத்தகைய தலைகள் பெரிய துறைமுக நகரங்களில் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணற்க. கடிதம் எழுதியவர் நகரத்தில் இருப்பினும், அதனைப் பெற்றவர் சிற்றூரில் இருந்திருப்பார். எம் ஊராகிய பெரியகுளத்தையே எடுத்துக்கொள்வோம். வராக நதியின் கரையில் அமைந்த இவ்வூர், மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட வாயிலாக நெடுங்காலம் விளங்கிற்று. வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் மலைச்சாலை 1914ஆம் ஆண்டில் திறக்கப்படுமுன், கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் வந்து, இங்கிருந்தே மலையடிவாரம் சேர்ந்து மேலே ஏறினர். மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் 1928ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பருத்தியும், மலைச்சரிவின் ஏலமும் காப்பியும் வெளியூர் செல்ல, வெளியூர்க் கம்பெனிகளின் விலைக் கடிதங்கள் இங்குள்ள வணிகர்க்கு வந்தன.

என் பாட்டனார் அத்தகைய வணிகருள் ஒருவர். சிறிய அளவில் பருத்தி வாங்கி விற்றவர். வந்த கடிதங்களை உறையோடு கம்பியிற் குத்திக் கோத்து வைப்பது அக்காலத்துக் கடை வழக்கம். கம்பி நிறைந்ததும் அதனைப் பரணில் ஏற்றிவிட்டு, வேறு கம்பி தொடங்குவர். யான் எட்டாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், பள்ளித் தோழர் சிலருடன் அஞ்சல்தலை சேர்க்கும் விருப்பம் கொண்டேன். அக்கால் பரணிலிருந்து அக்கம்பிகளுள் ஒன்றை இறக்கினேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய ஓரணாத் தலை ஒன்று ஓர் உறையின்மீது இருந்தது. என் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. தலையைச் சுற்றிலும் உறையைக் கத்தரித்தேன். தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பெயர்த்தேன். எஞ்சிய உறையை வெந்நீர் அடுப்பில் இட்டேன்.

தலை உலர்ந்தபின் பார்த்தால், அதன் நடுவே சிறு துளைகள் பல! தோழரிடம் மாற்றிக்கொள்ள எடுத்துச் சென்றேன். “இது பூச்சி அரித்த தலை, எனக்கு வேண்டா” என்றான் ஒருவன். “கம்பி குத்திய தலை” என்றான் மற்றொருவன். வெட்கத்துடன் அதனைச் சுவடியின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தேன்.

சில நாள் கழித்து எங்கள் ஆசிரியர் ஒருவர் அச்சுவடியைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்திற்கு வந்ததும் நின்றார். தலையை எடுத்துச் சாளர வெளிச்சத்திற்கு நேரே பிடித்தார். “பூச்சி ஆங்கிலம் படித்ததோ? இங்கே பார்” என்றார். பார்த்தேன். ஒளி புகுந்த துளைகள் ‘எஸ் அண்டு கோ’ எனப் பொருள்படும் எழுத்துகளாக நின்றன. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர்! என் உள்ளம் துள்ளிற்று. “எந்தக் கம்பெனி, ஐயா?” என்று கேட்டேன்.

“எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் கம்பெனிகள் எத்தனையோ உண்டு. உறையின் மூலையில் பெயர் அச்சிட்டிருப்பார்கள்; முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும். உறை எங்கே, தம்பி?”

“அடுப்பில் இட்டுவிட்டேன், ஐயா.”

ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தலையைச் சுவடியில் வைத்து மூடி, என் கையில் கொடுத்தார். அவர் வைதிருந்தால் ஒருகால் மறந்திருப்பேன். அவ்வமைதி ஐம்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் இருக்கின்றது. தலையின்மீது விழுந்த அஞ்சல் முத்திரையில் ஒரு வளைகோடே எஞ்சியிருந்தது. ஊரும் நாளும் உறையோடு எரிந்துபோயின. பாட்டனாரும் அதற்குள் மறைந்துவிட்டார். அவர் யாருக்குப் பருத்தி விற்றார் என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அதனைச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே சான்றினை நானே எரித்தேன்.

மாணவர்களே, நும்முள் யாரேனும் இத்தகைய தலையைக் காண நேரின் செய்யத் தக்கவை இவை. முதலாவது, தலையை உறையினின்று பெயர்க்கலாகாது. உறையில் அனுப்பியவர் பெயரும், பெற்றவர் பெயரும், அஞ்சல் முத்திரையும் ஒருங்கே இருக்கும். ஒரே எழுத்துகளைப் பல நிறுவனங்கள் கொண்டிருத்தல் கூடும். அவற்றுள் இஃது எது என்று துணிவதற்கு உறையே சிறந்த சான்று. பிறருக்குரிய கடிதமாயின், வீட்டுப் பெரியோரிடம் இசைவு பெற்ற பின்னரே அதனைப் பிரித்தல் வேண்டும்.

உறையின்றித் தனித்துக் கிடைத்த தலையாயின், அதனைக் கரிய தாளின்மீது வைத்துப் பார்த்தால் துளைகள் தெளிவாகத் தோன்றும். முகப்பிலிருந்து நோக்குகையில் எழுத்துகள் நேராகவோ, தலைகீழாகவோ, பக்கவாட்டிலோ அமைந்திருக்கலாம். தாளை மடித்துக் குத்தியபோது சில தலைகளில் கண்ணாடியிற் காண்பதுபோல் எழுத்துகள் இடம் வலமாக மாறியும் அமையும். ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை துளைகள் உள்ளன என்று எண்ணி, எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, கட்டமிட்ட தாளில் வரைந்துகொள்க. ஒரே எழுத்துகளாயினும் துளைகளின் எண்ணிக்கையும் உயரமும் வேறுபட்டால், அவை வெவ்வேறு பொறிகளாற் குத்தப்பட்டவை என்று அறியலாம்.

ஊசிகள் சில சமயம் ஒடிந்துபோவதும் உண்டு. அவ்வாறாயின் அன்றுமுதல் குத்தப்பட்ட தலைகளில் எல்லாம் அவ்விடத்துத் துளை இராது. முத்திரையிலுள்ள நாள்களை ஒப்பிட்டு நோக்கினால், பொறியின் ஊசி ஏறத்தாழ எந்த ஆண்டில் ஒடிந்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஏட்டுச் சுவடிகளை ஆராய்வோர்க்கு இம்முறை புதிதன்று. மூல ஏட்டில் நேர்ந்த ஒரு பிழை, அதனைப் பார்த்து எழுதிய படிகளிலெல்லாம் தொடர்ந்து வரும்; அப்பிழையைக் கொண்டே எந்தப் படி எதன் வழித்தோன்றல் என்று அறிஞர் துணிவர். ஏட்டிற்கு எழுத்துப் பிழை உதவுவதுபோல, தலைக்கு ஒடிந்த ஊசி உதவுகின்றது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. தலையின்மேல் அஞ்சல் முத்திரையை அழுத்தும்பொழுது, மை துளைகளின் வழியே கசிந்து அடியிலுள்ள உறையிலும் சிறு புள்ளிகளாகப் படியும். முத்திரை விழுந்த இடத்துத் துளைக்குக் கீழே மைப்புள்ளி இருந்தால், அத்துளை முத்திரைக்கு முன்பே இருந்தது என்பது தெளிவு. பிற்காலத்தில் ஏமாற்றும் எண்ணத்துடன் புதிதாகத் துளையிட்ட தலைக்கு இச்சான்று அமையாது. உறையை எரித்தவன் இச்சான்றையும் சேர்த்தே எரித்தவன் ஆவான்.

அஞ்சல்தலை சேர்ப்போரே இத்தலைகளை நெடுங்காலம் இகழ்ந்தனர். துளைபட்ட தலை பழுதுற்ற தலை என்று கருதிக் குப்பையில் எறிந்தோர் பலர். துளைகளைக் காகிதக் கூழால் அடைத்து, நல்ல தலைபோலக் காட்ட முயன்றோரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவற்றையே தனித்து ஆராயும் சங்கங்கள் தோன்றின. அதன் பின்னரே எறியப்பட்டவற்றின் அருமை விளங்கிற்று. அடைத்தவர்கள் பழுதை நீக்கவில்லை. எழுதியிருந்த பெயரை அழித்தனர்.

இவ்விடத்தில் தமிழன்னைக்குத் தொண்டாற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைத்தல் தகும். அவர் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இன்றளவும் கிடைத்தில. நூல் குறையாக இருக்கின்றதே என்று எண்ணி, அவ்விடத்திற்குப் பாடல் புனைந்து நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் அவ்வாறு செய்தாரில்லை. இல்லாததை இல்லாததாகவே காட்டுவது ஆராய்ச்சியாளர் கடமை. ஏட்டில் எழுத்திருந்த இடம் துளையாயிற்று. அஞ்சல்தலையில் துளையே எழுத்தாயிற்று. எனினும் இரண்டு துளைகளையும் உள்ளவாறே காத்தல் வேண்டும் என்னும் அறம் ஒன்றே.

கடிதங்களுக்கு இயந்திரத்தால் கட்டணக் குறி பதிக்கும் முறை பரவியபின், நிறுவனங்களுக்குத் தலைகளைக் குவித்து வைக்கும் தேவை குறைந்தது. துளையெழுத்தின் தேவையும் அதனோடு குறைந்தது. நிறுவனங்களும் நிலைத்து நிற்பனவல்ல. சென்னையிற் பெருமையுடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906ஆம் ஆண்டில் முறிந்தது. அதனை நம்பிப் பணம் இட்டோர் பலர் துயருற்றனர். ஒரு நிறுவனம் அழிந்தால் அதன் கணக்கேடுகளும் சிதறிப்போகலாம். ஆனால் அது பிறர்க்கு எழுதிய கடிதங்கள் பிறர் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் எஞ்சியிருக்கும். எனவேதான் உள்ளூர் வரலாற்றை அறிய விரும்புவோர், பழைய காகிதக் கடைக்குப் போகும் கட்டுகளை ஒருமுறை பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

இத்துளைகள் பணியாளர்மீது கொண்ட ஐயத்தினாற் பிறந்தவை. திருடிய ஒரு சிலர் பொருட்டு, நேர்மையாளர் பலரும் ஐயத்திற்கு உள்ளாயினர். இது வருந்தத் தக்கதே. ஆயினும் இன்று அத்துளைகள் எவரையும் குற்றம் சாட்டவில்லை. யார் யாருக்கு எழுதினார், எவ்வூரும் எவ்வூரும் வாணிகத்தால் இணைந்திருந்தன என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. பழுதென்று தோன்றுவதைக் கண்டவுடன் எறிந்துவிடாமல், இஃது என்ன சொல்கின்றது என்று ஒரு நொடி நின்று வினவுதல் நன்று.

என் ஓரணாத் தலை இன்றும் என்னிடம் இருக்கின்றது. அதன் கீழே, நிறுவனத்தின் பெயரை எழுத ஒரு வரி விட்டிருக்கின்றேன். பல ஊகங்கள் என் மனத்தில் எழுந்தது உண்டு. ஆனால் அவ்வரியில் இதுகாறும் யான் ஒன்றும் எழுதவில்லை.

பயிற்சி

1. பாத்திரத்தில் பெயர் பொறித்தலுக்கும் அஞ்சல்தலையில் எழுத்துத் துளைத்தலுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. தலையின் பின்புறத்தில் பெயரை அச்சிடும் முறை ஏன் போதிய பயன் தரவில்லை?
3. ஜோசப் ஸ்லோப்பர் அமைத்த பொறி எவ்வாறு இயங்கிற்று என்பதை நும் சொற்களில் எழுதுக.
4. ஒடிந்த ஊசி ஆராய்ச்சியாளர்க்கு எவ்வாறு உதவுகின்றது?
5. “உறை எங்கே, தம்பி?” இதனை யார், யாரிடம், எச்சூழலில் கூறினார்? இவ்வினா ஆசிரியர் உள்ளத்தில் நிலைத்தது ஏன்?
6. இப்பாடத்தின் ஆசிரியர் தம் தலைக்குக் கீழுள்ள வரியை நிரப்பாமல் விட்டிருத்தல் சரியா? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.
7. நும் வீட்டிலுள்ள பழைய கடித உறை ஒன்றினைப் பெரியோர் இசைவுடன் பார்த்து, அதிலிருந்து அறியக்கூடிய செய்திகளைத் தொகுத்து எழுதுக.